வேக வயர் திறப்பு விழா

என் கணவர் ஊர்க்காவலனின் முகத்தை அரசாங்கம் எனக்கு நெற்றி வரைக்கும் காட்டியது. மிச்சம் வருவதற்கு வயர் போதாது என்று சொல்லிவிட்டது.

இப்படிச் சொன்னால் கேட்பவர்கள் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். அதனால் நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

இரண்டாயிரத்து ஏழு தீபாவளி சீசனில் எம். புதுப்பட்டிக்குத் தெற்கே ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து அறை வெடித்தது. ஒன்பது பேர் போனார்கள். ஊர்க்காவலன் அந்த ஒன்பதில் ஒருவர். ஆஸ்பத்திரியில் துணியால் சுற்றித்தான் கொடுத்தார்கள். முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று எல்லோரும் சொன்னதால் நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இருந்திருக்காது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

வீட்டில் அவருடைய போட்டோ ஒன்றுகூட இல்லை. நாங்கள் வீட்டுக்குத் தெரியாமல் ஓடிப்போய் இருக்கன்குடியில் தாலி கட்டிக்கொண்டவர்கள். ஓடிப்போகிறவர்கள் போட்டோக்காரரையும் கூட்டிக்கொண்டு ஓடுவதில்லை. ரேஷன் கார்டு மாமனார் பெயரில் இருந்தது. வாக்காளர் அட்டை சட்டைப் பையில் இருந்தது, சட்டை போன வழியில் அதுவும் போயிற்று.

முகம் மறந்துபோகும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. குரல் இருந்தது, இருமல் இருந்தது, செருப்பைக் கழற்றி வீசுகிற சத்தம் இருந்தது. முகம் மட்டும் ஓரங்களிலிருந்து கரைய ஆரம்பித்தது. தை மாதத்தில் எனக்கும் என் மாமியார் மாரித்தாய்க்கும் முதல் சண்டை வந்தது. ஊர்க்காவலனுக்குக் கன்னத்தில் ஒரு மச்சம் உண்டு. எந்தக் கன்னம் என்பதுதான் சண்டை.

"வலது கன்னம். நான் பெத்தவ, எனக்குத் தெரியாதா?"

"இடது கன்னம் அத்தே. தெனமும் பக்கத்துல படுத்துப் பாத்தவ நான்."

"நீ எந்தப் பக்கம் படுத்த?"

நான் சுவர்ப் பக்கம் படுத்தேன். அவர் மல்லாந்து படுத்தால் எனக்குத் தெரிகிற கன்னம் எது என்று கையை நீட்டியும் மடக்கியும் பார்த்தேன். யோசிக்க யோசிக்க அவருக்கு இரண்டு பக்கமும் மச்சம் வந்தது. கொஞ்ச நேரத்தில் இரண்டு பக்கமும் மறைந்தது. மாமியார் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எனக்கும் அப்படித்தாண்டி ஆகுது" என்று அழ ஆரம்பித்தாள்.

அப்போதுதான் முகாம் ஞாபகம் வந்தது.

விபத்துக்கு முந்திய வருடம் 'பட்டாசுத் தொழிலாளர் முக அடையாளப் பதிவகம்' என்ற ஒன்றை விருதுநகரில் தொடங்கியிருந்தார்கள். விபத்து நடந்தால் இறந்தவர் யார் யார் என்று அடையாளம் காண்பதற்காக எல்லாத் தொழிலாளர்களின் முகத்தையும் முன்கூட்டியே படம் பிடித்துக் கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்ளும் திட்டம். வெடி விபத்தில் முதலில் போவது முகம்தான் என்பதைத் திட்டம் போட்டவர்களிடம் யாரும் சொல்லவில்லை போல. ஊர் ஊராக முகாம் போட்டார்கள். தாயில்பட்டி பள்ளிக்கூடத்தில் போட்ட முகாமுக்கு நாங்கள் இருவரும் போனோம்.

படம் எடுத்த ஆபரேட்டர் பெயர் ஜாபர் சாதிக். விருதுநகர் பஜாரில் பருப்புக் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பையன். "சிரிக்காதீக அண்ணே. அரசாங்க அட்டைக்குச் சிரிக்கக் கூடாது" என்றார். அவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த நான் இரண்டு கண்ணையும் மூக்கை நோக்கித் திருப்பிக் காட்டினேன். ஊர்க்காவலன் பல் அத்தனையும் தெரியச் சிரித்துவிட்டார். "சரி போங்க, அட்டை அடிக்கும்போது வேற எடுத்துக்கிடலாம்" என்று ஜாபர் அலுத்துக்கொண்டார். அட்டை அடிக்கவே இல்லை. ஆகவே என்னைப் பார்த்துச் சிரிக்கிற என் புருஷன் விருதுநகரில் ஒரு கம்ப்யூட்டருக்குள் பத்திரமாக இருந்தார். ஒரு தாளில் அடித்து வாங்கிவந்தால் போதும். அவ்வளவுதான் நான் அரசாங்கத்திடம் கேட்டது.

பதிவகம் ஒரு மாடியில் இருந்தது. பட்டாசுக் கம்பெனியில் மருந்து அறைக்குள் போவதற்கு முன் உடம்பில் இருக்கும் மின்சாரம் இறங்கச் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுப் போக வேண்டும். அதே தகட்டை இங்கேயும் கதவில் அடித்திருந்தார்கள். செருப்பை வெளியே விட வேண்டும். செல்போனை அணைக்க வேண்டும். கம்ப்யூட்டரின் இருபுறமும் சிவப்பு வாளியில் மணல் இருந்தது. அந்த மாடியில் வெடிமருந்து ஒரு சிட்டிகைகூடக் கிடையாது. விதி மட்டும் நிறைய இருந்தது.

பதிவக அலுவலர் சீனிச்சாமி நல்ல மனிதர். யார் வந்தாலும் உட்காரச் சொல்வார்.

"உக்காருங்கம்மா. சாப்பிட்டீகளா? புருசன் பேரு என்ன?"

"ஊர்க்காவலன்."

"பேரு இருக்கு" என்றார் பட்டியலைப் பார்த்து. "முகமும் இருக்கு. எது எதுக்குன்னுதான் தெரியாது."

விஷயம் இதுதான். பெயர்கள் ஒரு பக்கமும் முகங்கள் ஒரு பக்கமும் கம்ப்யூட்டரில் இருந்தன. மேலிடம் பார்வையிட வந்தபோது பட்டியல் அழகாக இருக்க வேண்டும் என்று பெயர்களை அகர வரிசைப்படுத்தினார்கள். முகங்கள் அகர வரிசைக்கு வரவில்லை. அன்றிலிருந்து அங்கே யாருடைய பெயரும் யாருடைய முகமும் சேர்ந்து இல்லை. ஆகவே ஒவ்வொரு முகமாகத் திறந்து பார்க்க வேண்டும்.

நான் ஜாபருக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு முகம் திறக்கிறது என்றால் சட்டென்று திறந்துவிடாது. முதலில் தலைமுடி வரும். பிறகு நெற்றி வரும். ஜாபர் ஒரு கொட்டாவி விட்டு முடிக்கும்போது கண் வரும். நம்ம ஆள் இல்லை என்று முடியிலேயே எனக்குத் தெரிந்துவிடும். ஆனாலும் பாதியில் மூடக் கூடாது, முழு முகமும் வந்த பிறகுதான் மூட வேண்டும் என்று விதி. பாதி முகத்தோடு மூடினால் அந்தத் தொழிலாளியை அவமதித்ததாக ஆகுமாம். அப்படி எத்தனையோ பேரை முழுசாகப் பார்த்தேன். தாயில்பட்டி, ஏழாயிரம்பண்ணை ஆம்பிளைகள் எல்லோரும் இப்போது எனக்குப் பழக்கம். பஸ்ஸில் யாராவது ஏறினால் சிரித்துவிடப் போகிறேனே என்று பயமாக இருக்கும்.

மூன்றாவது தடவை போனபோது ஒரு முடி வந்தது. முன்னால் சேவல் கொண்டை மாதிரி எழுந்து நிற்கும், எண்ணெய் வைத்தாலும் படியாத முடி. நான் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டேன். நெற்றி வந்தது. அகலமான நெற்றி, நடுவில் ஒரு மடிப்பு.

"இவருதான். இவருதான் தம்பி."

பெட்டிக்குள்ளிருந்து டக் என்று ஒரு சத்தம். பிறகு டக், டக். படம் அப்படியே நின்றது. நெற்றிக்குக் கீழே ஒன்றும் வரவில்லை.

ஜாபர் அணைத்துப் போட்டார். மறுபடி திறந்தார். முடி, நெற்றி, டக். இன்னொரு தடவை. முடி, நெற்றி, டக்.

"என்ன தம்பி ஆச்சு?"

"உள்ள ஒரு தட்டு சுத்துதுக்கா. ஹார்டு டிஸ்க்குன்னு பேரு. அதுக்கு மேல ஒரு முள்ளு அங்கிட்டும் இங்கிட்டும் போயி படத்தப் பொறுக்கிட்டு வரும், பாட்டுப் பெட்டி முள்ளு மாதிரி. அந்த எடத்துல வரும்போது திக்குது. தட்டு தேஞ்சுபோச்சோ என்னமோ. எனக்கு அம்புட்டுத்தான் தெரியும்."

"அப்ப இருக்குற படத்தையெல்லாம் வேற தட்டுல எடுத்து வச்சிரலாம்ல?"

"ஏன்க்கா, எனக்குப் பொழப்பு வேணாமா? இங்க இருந்து ஒரு மூக்கு வெளிய போனாலும் தரவுத் திருட்டுன்னு எழுதி மாட்டியிருக்கு பாருங்க."

சுவரில் அப்படித்தான் எழுதியிருந்தது. மூக்கு என்று இல்லை, ஆனால் பொருள் அதுதான்.

சீனிச்சாமியைக் கூப்பிட்டோம். அவர் பெட்டியின் மேல் காதை வைத்து, டாக்டர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு டக் டக்கைக் கேட்டார். நிமிர்ந்து, "வயர் பத்தல" என்றார்.

கம்ப்யூட்டரையும் தட்டையும் இணைக்கும் வயரைத்தான் சொன்னார். அது பழைய காலத்து வயர், இப்போது அதைவிட இரண்டு மடங்கு வேகமான வயர் வந்துவிட்டது, அதை மாட்டிவிட்டால் முகம் மூக்கோடு வாயோடு ஒரே பாய்ச்சலில் வந்து விழும் என்றார். அந்தச் சமயம் எங்கள் பக்கம் நாலு வழிச் சாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அதையே உதாரணம் காட்டினார்.

"ரெண்டு வழியா இருக்குறத நாலு வழியா ஆக்குறாகள்ல? அந்த மாதிரிம்மா. ரோடு குறுகலா இருக்கவும் உங்க வீட்டுக்காரரு நெத்தியோட நிக்காரு."

நான் யோசித்தேன். "சார், எங்க ஊரு டவுன் பஸ்ஸு நாலு வழி ரோட்டுல போனாலும் டவுன் பஸ்ஸு மாதிரித்தான சார் போகும்?"

ஜாபர் மணல் வாளியைப் பார்த்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார். சீனிச்சாமிக்குக் கோபம் வரவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, உட்காரவைத்து, டீ சொல்லிவிட்டுப் பேசினார். அவர் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"நீங்க கேட்டது சரியான கேள்வி. தட்டு சுத்துற வேகம்தான் வேகம். வயர எம்புட்டுப் பெருசாப் போட்டாலும் முள்ளு எடுத்துக் குடுத்தாத்தான வயர்ல வரும்? இது எனக்குத் தெரியாதா? எனக்கும் தெரியும், மதுரைக்கும் தெரியும், மெட்ராசுக்கும் தெரியும். ஆனா தட்டுங்குறது சொத்து. வயருங்குறது சில்லறைச் சாமான். சொத்த மாத்துற அதிகாரம் மெட்ராசுக்கு. சில்லறைச் சாமான மாத்துற அதிகாரம் எனக்கு. எனக்கு அதிகாரம் இருக்குற எடத்துலதான நான் வேகத்தக் கூட்ட முடியும்? இம்புட்டு வருச சர்வீஸ்ல எது கெட்டுப்போயிருக்கோ அத நான் சரி பண்ணுனதே இல்லம்மா. எது என் அதிகாரத்துக்குள்ள இருக்கோ அதத்தான் சரி பண்ணியிருக்கேன். அதனாலதான் ஒரு மெமோ கூட வாங்காம இருக்கேன்."

டீ நன்றாக இருந்தது.

வயர் சித்திரை மாதம் மதுரையிலிருந்து வந்தது. கூடவே அதைச் செருகுவதற்குக் கம்ப்யூட்டருக்குள் மாட்டும் ஒரு அட்டையும், இரண்டையும் கொண்டுவந்த வயர்க் கம்பெனிக்காரர் ஒருவரும் வந்தார்கள். பழைய வயர் சிவப்பு, புது வயர் நீலம். வேறு வித்தியாசம் என் கண்ணுக்குத் தெரியவில்லை.

"வேகமாயிருமா?" என்று சீனிச்சாமி கேட்டார்.

"வயர் வேகமாயிரும் சார்."

"கம்ப்யூட்டர்?"

"வயர் வேகமாயிரும் சார்" என்றார் கம்பெனிக்காரர் மறுபடியும். கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ணச் சொன்னாலும் அவர் அதற்கு மேல் ஒரு எழுத்து சொல்லியிருக்க மாட்டார்.

வெள்ளோட்டம் விட்டார்கள். திக்காத முகம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பழைய வயரில் ஒரு தடவையும் புது வயரில் ஒரு தடவையும் ஜாபர் திறந்தார். பழைய வயரில் முடியிலிருந்து தாடை வருவதற்குள் ஒரு கொட்டாவி. புது வயரிலும் ஒரு கொட்டாவிதான். சீனிச்சாமி மேலிடத்துக்கு அறிக்கை எழுதினார்: 'புதிய வயர் பொருத்தியதில் வேகக் குறைவு எதுவும் காணப்படவில்லை.'

உடனே புது வயரைக் கழற்றி, கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, பழைய வயரை மாட்டினார்கள்.

"எதுக்கு சார் கழட்டுறீக?"

"திறந்து வைக்காத வயர்ல எப்படிம்மா முகம் ஓடும்? மண்டல இயக்குநர் வந்து திறந்து வைக்கணும்."

மண்டல இயக்குநருக்குத் தேதி கிடைக்கவில்லை. பிறகு கிடைத்தது, ஆனால் ஆடி மாதம். ஆடியில் வயர் திறப்பது நல்லதா என்று ஒருவரைக் கேட்டு, நல்லதில்லை என்று தள்ளிவைத்தார்கள். நான் மாதாமாதம் போனேன். போகும்போதெல்லாம் டக் டக் கூடிக்கொண்டே இருந்தது. இப்போது வேறு முகங்களிலும் திக்க ஆரம்பித்திருந்தது. எம். புதுப்பட்டிக்காரர் ஒருவர் காதோடு நின்றார். இன்னொருவர் மீசையோடு நின்றார். பஸ்ஸில் வரும்போது, அங்கே ஒரு முள் என் புருஷன் முகத்தின் மேல் இறங்கித் தேடிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கீறிவிட்டு வருகிறதோ என்று தோன்றும். இனித் திறந்து பார்க்க வேண்டாம், விழா வரைக்கும் அவர் முகத்தை யாரும் தொடாதீர்கள் என்று ஜாபரிடம் கும்பிட்டுச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஆவணியில் தேதி குறித்தார்கள். அழைப்பிதழ் சிவகாசியில் நாலு கலரில் அடித்து வந்தது. நடுவில் வயர் படம், மேலே பிள்ளையார், கீழே மண்டல இயக்குநர். கடைசி வரியில் 'பயனாளி: திருமதி வேலுத்தாய்' என்று என் பெயரும் இருந்தது. விழாவில் புது வயர் வழியாக ஊர்க்காவலனின் முகத்தைத் திறந்து, தாளில் அடித்து, அங்கேயே என் கையில் கொடுப்பதாக ஏற்பாடு. மாமியாரையும் கூட்டிக்கொண்டு போனேன். அவள் பெட்டியிலிருந்து நல்ல சேலையை எடுத்துக் கட்டியிருந்தாள். "இன்னைக்கு மச்சம் தெரிஞ்சிரும். வலதா இருந்தா நீ எனக்கு ஒரு வாரம் கறிக்கொழம்பு வைக்கணும்" என்றாள். வெடிவிபத்துக்குப் பிறகு அவள் பேசிய முதல் விளையாட்டுப் பேச்சு அது.

கம்ப்யூட்டரைத் திறந்து வைத்து, தட்டு இருக்கும் பெட்டிக்குச் சந்தனம் தடவினார்கள். அதன் மேல் ஊசி முனை மாதிரி ஒரு ஓட்டை இருந்தது. இதை மூடாதீர்கள் என்று பக்கத்தில் இங்கிலீஷில் அச்சடித்திருந்தது. வட்டம் போட்டுக் காட்டியிருந்ததால் குங்குமம் வைக்க அதுவே தோதான இடமாகத் தெரிந்தது. வைத்தார்கள். மணல் வாளிகள் போட்டோவில் விழுந்தால் நன்றாக இருக்காது என்று பின்னால் தள்ளிவைத்தார்கள்.

அப்புறம் சரம். ஒரு கம்பெனி முதலாளி பத்தாயிரம் வாலா அன்பளிப்பாக அனுப்பியிருந்தார். தெருவில் கொளுத்துவதாகத்தான் இருந்தது. தூறல் போட்டது. நனையக் கூடாது என்று சரத்தை மாடிக்குக் கொண்டுவந்து, கம்ப்யூட்டர் அறை ஜன்னலை ஒட்டிய வராந்தாவில் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாகக் கட்டித் தொங்கவிட்டார்கள். உள்ளே வருகிறவர்கள் எல்லோரும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு, சரத்துக்குக் கீழே குனிந்து வந்தார்கள்.

"சார், இங்கன வேணாம் சார்" என்றார் ஜாபர். "அதிரும். அந்தத் தட்டு ஏற்கனவே ஒரு தினுசா இருக்கு."

"ஏலே, சிவகாசிக்குப் பக்கத்துல இருந்துக்கிட்டு வெடி இல்லாம திறப்பு விழாவா? வெளிய தெரிஞ்சா தொழிலுக்கே கேவலம்" என்றார் சீனிச்சாமி. "அதுவும் போக, செம்புத் தகடு வச்சிருக்கம்லடா."

மண்டல இயக்குநர் பேசினார். உயரமான மனிதர், நல்ல குரல்.

"பெரியோர்களே, தாய்மார்களே. முகம் என்பது என்ன? அதுதான் மனிதனின் முகவரி. இந்தப் பகுதித் தொழிலாளர்கள் நெடுங்காலமாக முகம் இல்லாமல் இறந்துகொண்டிருந்தார்கள். இனி அந்த நிலை இல்லை. இன்று முதல் நீங்கள் தைரியமாக இறக்கலாம். இரண்டு மடங்கு வேகத்தில் உங்களை அடையாளம் காண்போம். விபத்து ஏன் இரண்டு மடங்காகிறது என்று சில பத்திரிகைகள் கேட்கின்றன. அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்த வயர். விபத்துகள் எந்த வேகத்தில் கூடுகின்றனவோ அதே வேகத்தில் நாமும் கூடியிருக்கிறோம்."

கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பக்கத்தில் இருந்தவர் தட்டும்போது தட்டாமல் இருப்பது எப்படி என்று எனக்கு அப்போது தெரியாது.

நீல வயரைத் தாம்பாளத்தில் கொண்டுவந்து மாட்டினார்கள். மண்டல இயக்குநர் பொத்தானை அமுக்கினார். அதே நொடியில் வராந்தாவில் திரியைப் பற்றவைத்தார்கள்.

முடி வந்தது. மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நெற்றி வந்தது. சரம் இந்த முனையிலிருந்து ஜன்னலை நோக்கி வந்துகொண்டிருந்தது. காது அடைத்துவிட்டது. மேசை நடுங்கியது, ஜன்னல் கண்ணாடி நடுங்கியது, திரையில் அவர் நெற்றியும் நடுங்கியது. புருவம் வந்தது. இரண்டு புருவமும் முழுசாக வந்தன. சிரிக்கும்போது அவருக்குப் புருவம் மேலே ஏறும். ஏறித்தான் இருந்தது. இன்னும் ஒரு விரற்கடை இறங்கினால் கண் வந்துவிடும், அந்தக் கண் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும் என்று நினைத்தேன். அப்போது சரத்தின் கடைசியில் கட்டியிருந்த பெரிய வெடிகள் ஜன்னலுக்கு நேராக வெடித்தன.

பெட்டிக்குள்ளிருந்து வந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. கர்ர் என்று ஓட்டுச் சில்லால் சிமெண்டுத் தரையைத் தேய்த்த மாதிரி இருந்தது என்று ஜாபர் பிறகு சொன்னார். திரை முழுவதும் நீலமானது. புது வயர் நீலம் என்பதால் திரையும் நீலமாகிவிட்டது என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. மண்டல இயக்குநர் கும்பிட்டார்.

"எங்கடி மச்சம்?" என்று மாமியார் என் காதில் கத்தினாள்.

அந்தத் தட்டு அதன் பிறகு எழுந்திருக்கவே இல்லை. ஊர்க்காவலன் மட்டும் இல்லை, அந்தச் சுற்றுவட்டாரத்தில் முகாமுக்குப் போன அத்தனை பேரும் அதோடு போனார்கள். அடுத்த வாரம் போய் நான் சீனிச்சாமியிடம் சத்தம் போட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அழுகாதீகம்மா. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. முன்னாடி எதுவரைக்கும் வந்துச்சு?"

"நெத்தி வரைக்கும்."

"விழா அன்னைக்கு?"

"புருவம் வரைக்கும்."

"பாத்தீகளா? ஒரு புருவம் கூட வந்திருக்குல்ல? அது வயரோட பலன்."

அதை மேலிடத்துக்கும் எழுதினார்.

தட்டு தேய்ந்திருந்தபோது மாற்ற அதிகாரம் இல்லாதவர்கள், அது செத்த பிறகு ஒரு மாதத்தில் மாற்றிவிட்டார்கள். சாவுக்குத் தனி விதி இருக்கிறது, அது கொஞ்சம் வேகமானது. புதுத் தட்டில் ஒன்றும் இல்லை. தேட ஒன்றும் இல்லாததால் கம்ப்யூட்டர் பறந்தது. எல்லாம் நீல வயரின் மகிமை என்றார்கள். பெயர்ப் பட்டியல் மட்டும் தாளில் இருந்ததால் அதைப் பார்த்து மறுபடி ஏற்றினார்கள். என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

ஜாபர் ஊர்க்காவலன் என்று பெயரை அடித்தார். கொட்டாவி விட நேரமில்லை. படம் வந்து விழுந்தது, தாளிலும் அடித்து வந்தது. சாம்பல் நிறத்தில் ஒரு தலை, ஒரு கழுத்து, இரண்டு தோள். கோட்டுப் போட்ட மாதிரி ஒரு கழுத்துப்பட்டி. முகம் இருக்க வேண்டிய இடமும் சாம்பல்தான். சீனிச்சாமி அதன் மேல் 'உண்மை நகல்' என்று முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டார்.

"இது யாரு சார்?"

"ஊர்க்காவலன். கீழ பேரு போட்டிருக்குல்லம்மா?"

"முகம் இல்லையே சார்."

"முகம் இல்லாதவகளுக்குக் கம்ப்யூட்டர் இந்த முகத்தத்தான் குடுக்கும். அதுதான் சிஸ்டம். எம்புட்டு வேகமா வந்துச்சு, அதப் பாத்தீகளா?"

ஜாபர் என்னைப் பார்க்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மாமியார் அதை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு கன்னத்தையும் பார்த்தாள். "கோட்டெல்லாம் போட்டிருக்கான்" என்றாள். அப்புறம், "இம்புட்டு அகலமான தோளு எம் புள்ளைக்குக் கிடையாது. இது யாரோ நல்லாச் சாப்புட்ட ஆளு" என்று என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

மற்ற எட்டு வீட்டுக்கும் அதே படம் போயிற்று. அவர்களில் சிலரிடம் ஸ்டுடியோவில் எடுத்த நல்ல போட்டோக்கள் இருந்தன. முத்துப்பாண்டியின் சம்சாரம் கல்யாண ஆல்பத்தையே தூக்கிக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறாள். வீட்டுப் போட்டோ செல்லாது, பதிவகத்துப் படம் மட்டும்தான் செல்லும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இதற்குள் நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பிழை பார்க்கும் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். காலண்டர் சீசன், வேலை சரியாக இருந்தது. ஐப்பசியில் ஒருநாள் முதலாளி ஒரு மாதிரித் தாளை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். முதலாண்டு நினைவு நாளுக்குப் பதிவகம் போடுகிற அஞ்சலி போஸ்டர். மேலே ஒரு தீபம். கீழே மூன்று வரிசையில் ஒன்பது சாம்பல் ஆட்கள், ஒன்பதும் ஒரே ஆள். ஒவ்வொருவருக்கும் கீழே ஒரு பெயர். மேல் வரிசையில் பாண்டி, செல்லப்பாண்டி, ஊர்க்காவலன்.

சற்று நேரத்தில் சீனிச்சாமியே வந்தார். என்னை அங்கே பார்த்ததில் அவருக்கு உண்மையாகவே சந்தோஷம்.

"நீங்க இங்கனயா இருக்கீக? அப்ப எனக்குக் கவலை இல்ல. எழுத்துப் பிழை இருந்தாக்கூடப் பரவாயில்லம்மா. படம் ஆள் மாறிறக் கூடாது. ஒருத்தர் பேருக்கு மேல இன்னொருத்தர் வந்துட்டா ஆடிட்ல கேப்பாக. நல்லாப் பாத்துக் குடுங்க."

நான் ஸ்கேலை வைத்து ஒவ்வொரு படமாகப் பார்த்தேன். பெயர்களில் பிழை இல்லை. ஒற்று எதுவும் விடுபடவில்லை. படங்களை மறுபடியும் முதலிலிருந்து பார்த்தேன். அவர் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தார்.

"சார், மேல் வரிசையில ரெண்டு பேரு மாறியிருக்காக" என்றேன். "செல்லப்பாண்டி அண்ணன் இருக்குற எடத்துல எங்க வீட்டுக்காரரு இருக்காரு. எங்க வீட்டுக்காரரு எடத்துல அவரு இருக்காரு."

சீனிச்சாமி கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். தாளைத் தன் பக்கம் இழுத்து, குனிந்து, இதையும் அதையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஆயிற்று.

"ஆமாம்மா, மாறித்தான் போச்சு" என்றார். "நல்ல வேளை, பாத்தீக."

இரண்டு பேரையும் இடம் மாற்றும்படி அம்புக்குறி போட்டு, ஓரத்தில் கையெழுத்திட்டார்.